பி.பி.ஓ. இல்லாமல் வரப்போகிறவர்

முன்னாள் படைவீரர் நலனைக் கவனிக்கும் இன்றைய கேந்திரிய சைனிக் போர்டின் பூர்வீகம் ஓர் ஆள்சேர்ப்பு வாரியம். முதல் உலகப்போர் ஆளை விழுங்கிக்கொண்டிருந்த 1917-ல் மத்திய ஆள்சேர்ப்பு வாரியம் என்று அதை அமைத்தார்கள். போர் முடிந்து, சேர்த்தவர்கள் ஊர் திரும்பத் தொடங்கியதும் 1919-ல் அதன் இடத்தில் இந்தியப் படைவீரர் வாரியம் வந்தது. விடுதலைக்குப் பின் கடற்படையும் விமானப்படையும் பெயரில் சேர்ந்தன. 1975-ல் இப்போதைய பெயர். ஊருக்குள் போய் ஆள் கேட்டவர்கள்தான், திரும்பி வந்தவனுக்கு என்ன செய்யப் போகிறோம் என்ற கேள்வியையும் முதலில் எதிர்கொண்டார்கள்.

நம் பக்கத்துக்கு இதில் ஒரு தனிக்கதை உண்டு. சென்னை மாகாணத்திலிருந்து ஏற்றுமதியான பதனிட்ட தோலை 1916 முதல் பிரிட்டிஷ் அரசே எடுத்துக்கொண்டது, சிப்பாய்களின் பூட்ஸுக்காக. தோலுக்கு இருந்த அந்த மதிப்பு இந்த மண்ணின் ஆளுக்கு இருக்கவில்லை. வடக்கத்தியர்தான் சண்டைக்கு லாயக்கு என்ற கோட்பாடு அன்று ராணுவத்தை ஆண்டது. மெட்ராஸ் காலாட்படையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கி 1920-களில் கலைத்தே விட்டார்கள். பொறியியல் பிரிவான சாப்பர்ஸ் தப்பியது. இரண்டாம் உலகப்போரில் ஆள் போதாமல் போனதும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மறுபடி எழுந்தது. அந்தப் போர் முடிந்தபோது பென்ஷன் இல்லாமல் அனுப்பப்பட்டவர்களும், பிறகு அவர்களுடைய விதவைகளும், நம் பதிவேடுகளில் பல பத்தாண்டுகள் இருந்தார்கள்.

அதற்கு முந்தைய கிழக்கிந்தியக் கம்பெனிக் காலம் இன்னும் மோசம். ஆற்காட்டு முற்றுகையில் பெயர் வாங்கிய ராபர்ட் கிளைவ், வங்காள நவாப் மீர் ஜாஃபர் விட்டுச்சென்ற பணத்தைக் கொண்டு 1770-ல் ஒரு நிதி அமைத்தார். கம்பெனிப் படையில் ஊனமுற்ற ஐரோப்பியர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும்தான் அது. கம்பெனிப் படை மகாராணியின் படையானதும் கிளைவின் வாரிசுகள் வழக்குப் போட்டு முதலைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நவாபின் பணம், சிப்பாயின் ரத்தம், கிளைவ் குடும்பத்துக்கு வரவு.

அமெரிக்காவில் 1930-ல் ஒரே கூரையின்கீழ் வந்த படைவீரர் நிர்வாகம் மருத்துவமனைகளைத் தானே நடத்துகிறது. 1989-ல் அமைச்சரவைத் துறையாகவும் ஆனது. இங்கே பாதுகாப்பு அமைச்சகத்துக்குள் முன்னாள் படைவீரர் நலத்துக்கென்று தனித்துறை வந்ததே 2004 செப்டம்பரில். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். அதற்கு முந்தைய ஆண்டு. பென்ஷனைக் கணக்கிடுவது பிரயாக்ராஜில் உள்ள கணக்கு அலுவலகம். ஆவணம் இருப்பது வெலிங்டனிலோ பெங்களூரிலோ நாசிக்கிலோ உள்ள ரெக்கார்ட் ஆபீஸில். நம் மாவட்ட நல அலுவலகமோ மாநில அரசுடையது, செலவில் 60 விழுக்காடு மத்திய அரசு தருகிறது. இத்தனை கைகளுக்கு நடுவே நம்மிடம் இருப்பது கடிதமும் முத்திரையும்தான். இதைக் குறையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. கடிதத்தைச் சரியாக எழுதத் தெரிந்த நல அமைப்பாளர் ஒருவர் ஒரு குடும்பத்தையே கரையேற்றி விடுவார்.

நாட்றம்பள்ளியிலிருந்து 1978-ல் பட்டாளத்துக்குப் போனவரை எடுத்துக்கொள்வோம். சேர்ந்தபோது எழுதிய முகவரியில் மாவட்டம் வட ஆற்காடு. 1994-ல் பென்ஷனோடு வந்தபோது வட ஆற்காடு அம்பேத்கர். பிறகு வேலூர். 2019 நவம்பர் முதல் திருப்பத்தூர். வீடு அதே தெருவில்தான் இருக்கிறது. பெயரிலும் இதே கூத்து. நம் ஆட்களின் இனிஷியலை ரெக்கார்ட் ஆபீஸ் குமாஸ்தா விரித்து எழுதி அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி விடுவார், மனைவியின் பெயர் பார்ட்-டூ ஆர்டரில் ஓர் எழுத்து மாறியிருக்கும், ஆதாரில் வேறொன்று. வங்கி மூலம் பென்ஷன் வந்த காலத்தில் மேனேஜருக்கு முகம் தெரியும், ஓடிவிடும். இப்போதைய ஆன்லைன் பென்ஷன் முறையான ஸ்பர்ஷுக்கு முகம் தெரியாது. எழுத்து பொருந்தாவிட்டால் நிற்கும். அதுவும் மிலிட்டரிக்காரர் இறந்து, அவர் மனைவி குடும்ப பென்ஷனுக்கு வரும்போதுதான் தெரியவரும். திருத்தத்தை அவர் உயிரோடு இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். ஆயுள் சான்று கொடுக்க வரும் ஒவ்வொருவரிடமும் மனைவியின் பெயரையும் பிறந்த தேதியையும் பென்ஷன் ஆணையான பி.பி.ஓ.வோடு ஒத்துப்பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது.

இவையெல்லாம் பி.பி.ஓ. என்ற ஒரு தாளாவது கையில் இருப்பவரின் சிக்கல்கள். அது இல்லாமல் ஒருவர் வரப்போகிறார். 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் தரைப்படையில் சேர்ந்த முதல் அணி 2023 தொடக்கத்தில் பயிற்சிக்குப் போனது. நான்கு ஆண்டுக் கணக்கு 2027 தொடக்கத்தில் முடிகிறது. திட்டப்படி நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவோர் 25 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. மற்றவர்கள் சேவா நிதி என்ற மொத்தத் தொகையோடு வெளியே. பென்ஷன் கிடையாது, இ.சி.எச்.எஸ். கிடையாது. கேந்திரிய சைனிக் போர்டின் வறுமை உதவித்தொகை 2025 நவம்பர் முதல் மாதம் 4,000-லிருந்து 8,000 ரூபாய் ஆகியிருப்பது நல்ல செய்திதான். ஆனால் அது 65 வயது கடந்தவருக்கு. இருபத்தைந்து வயதில் ஊர் திரும்பி, ஆம்பூர் ஷூ கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வேலைக்கு நிற்பவருக்கு நம் அலமாரியில் படிவம் இல்லை.

‘அவர் முன்னாள் படைவீரர் வரையறைக்குள் வரமாட்டார்’ என்று சொல்லித் திருப்பி அனுப்பும் வசதி நமக்கு இருக்கிறது. இந்த இதழ் அதை ஏற்கவில்லை. 1919-ல் வாரியத்துக்கு முன்னால் வந்து நின்றவர்களில் பெரும்பாலோரும் குறுகிய சேவை முடித்து, பென்ஷன் இல்லாமல் வந்தவர்கள்தான். அவர்களுக்காகத்தான் அதை உருவாக்கினார்கள். வரையறை டெல்லியில் மாறும்போது மாறட்டும். நல அமைப்பாளர்கள் இப்போதே கிராமவாரியாக ஒரு நோட்டுப் போடலாம். பெயர், சர்வீஸ் நம்பர், ரெக்கார்ட் ஆபீஸ், வெளியேறும் மாதம், படையில் கற்ற தொழில், வீட்டு போன் நம்பர். முதல் வருகைக்கு இவ்வளவு போதும்.