மாநில மரம் எங்கே?

தமிழ்நாட்டின் மாநில மரம் எது?

பனை.

பறவை மரகதப்புறா. விலங்கு வரையாடு. பூ செங்காந்தள். பழம் பலா. விளையாட்டு கபடி. பள்ளிப் பிள்ளைகள் இதை மனப்பாடமாகச் சொல்லுவார்கள். பரீட்சைக்கு அது போதும்.

ஆனால், விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே உள்ள ஆமத்தூர்ப் பிள்ளை வரையாட்டைப் பார்க்க மலை ஏற வேண்டும். பலாவைப் பழக்கடையில் பார்க்கலாம். பனை அப்படியல்ல. அது இந்த மண்ணின் மரம்.

காரணம் உண்டு. தமிழ்நாட்டின் பரப்பு சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் சதுர கிலோமீட்டர். மாவட்டங்கள் 38. கிழக்கே வங்கக்கடல். மேற்கே மலைத்தொடர். தென்மேற்குப் பருவமழையை அந்த மலை தடுத்துவிடுகிறது. கேரளத்தில் மழை கொட்டுகிறது. இந்தப் பக்கம் கரிசல் சீமை காய்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழைதான் இங்கே கதி. அந்த வறட்சிதான் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களுக்குத் தோதாக அமைந்தது. பனைக்கும் அதுவே தோது.

பெயர் வந்த கதை

மாநிலத்தின் பெயரிலும் இந்த வட்டாரத்துக்குப் பங்கு உண்டு. 'சென்னை ராஜ்யம்' என்பதைத் 'தமிழ்நாடு' என்று மாற்ற வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக, விருதுநகரில் தியாகி சங்கரலிங்கனார் 1956 ஜூலை 27-ல் உண்ணாவிரதம் தொடங்கினார். அக்டோபர் 13-ல் உயிர் துறந்தார். சட்டசபையில் தீர்மானம் நிறைவேறியது 1967 ஜூலை 18-ல். பெயர் அமலுக்கு வந்தது 1969 ஜனவரி 14-ல்.

அரசு முத்திரையில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் என்பார்கள். மதுரைக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்! அந்த வழக்கு இருக்கட்டும்.

சூளைக்குப் போகும் மரம்

நுங்கு, பதநீர், கருப்பட்டி, நார், ஓலை என்று பனையில் வீண் என்பதே இல்லை. ஓலையை மடித்து மருந்து வைத்த ஓலை வெடி, தீபாவளிக்கு எத்தனை தலைமுறையாக வெடித்திருக்கிறது! அதன் வேர் கண்மாய்க் கரையைப் பிடித்து நிறுத்துகிறது.

அந்த மரத்தைத்தான் செங்கல் சூளைக்கு வெட்டினார்கள். பனை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. நல்ல அறிவிப்பு. ஆனால் இரவில் வரும் லாரிக்கு யார் காவல்? ஒரு பனையைச் சாய்க்க ஒரு மணி நேரம் போதும். அது பாளை விடப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும்.

அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்துக்கும் பனை இனத்து மரம் ஒன்றே சின்னம். மாநிலக் கொடியிலேயே அதைப் பொறித்திருக்கிறார்கள். இங்கே கொடி வேண்டாம்; மரம் நின்றால் போதும்.

ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும். அடுத்து மழை வரும். அதற்குள் கண்மாய்க் கரைகளில் கொட்டையை ஊன்றிவிட்டால் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டாம். ஊராட்சிகள் இந்த வருஷமே இதைச் செய்யட்டும். பள்ளிப் பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளலாம். ஆளுக்குப் பத்துக் கொட்டை.