177ஆவதாக வந்த பொடியன்

2023 செப்டெம்பர் 10ஆம் திகதி சியாட்டிலில் நடந்த மேட்ச், எங்களுக்குத் திங்கட்கிழமை விடியப்புறம். எங்கள் குழுவில் அமெரிக்கன் புட்போல் பார்க்கிற ஆக்கள் நாலைந்து பேர்தான். அதிலும் நித்திரை முழிச்சு முழு மேட்ச் பார்க்கிறவர்கள் இன்னும் குறைவு. மற்றவர்களுக்கு விடிந்த பிறகு போனில் வருகிற பத்து நிமிஷ ஹைலைட்ஸ்தான். அன்று காலை வட்ஸ்அப் குறூப்பில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "ஆர் இந்த 17ஆம் நம்பர்?"

லொஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணியின் புக்கா நக்கூவா. அதுதான் அவருடைய முதல் மேட்ச். 10 பந்து பிடித்து 119 யார்ட் எடுத்தார். ராம்ஸ் 30-13 என்று வென்றது. அடுத்த கிழமை சான் பிரான்சிஸ்கோ அணிக்கு எதிராக 15 பந்து, 147 யார்ட். தன் முதல் இரண்டு மேட்ச்சில் 25 பந்து பிடித்த ஒரு வீரர் என்.எஃப்.எல். வரலாற்றில் அதற்கு முன் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் ஒரே வசனம்தான். "எதிர்பார்ப்பை மீறிட்டான்." நாங்களும் அதைத்தான் சொன்னோம். ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்த வசனத்தில் ஒரு பிசகு இருக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில், இந்த விளையாட்டைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். நாங்கள் உதைபந்தாட்டம் என்று சொல்வது இதுவல்ல. இது முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு விளையாடுவது. நாலு தரத்துக்குள் பத்து யார்ட் முன்னேற வேண்டும். இல்லாவிட்டால் பந்து மற்றப் பக்கத்துக்குப் போய்விடும். பந்தை எறிகிறவர் குவாட்டர்பெக். ஓடிப்போய் அதைப் பிடிக்கிறவர் ரிசீவர். ரிசீவர் பந்தைப் பிடிக்கிற அந்த நொடியிலேயே எதிரணி ஆக்கள் வந்து இடித்து விழுத்துவார்கள். அதைத் தாங்கிக்கொண்டு இன்னும் ரெண்டு எட்டு வைக்கிறவன்தான் நல்ல ரிசீவர்.

பல்கலைக்கழகத்தில் விளையாடுகிறவர்கள் என்.எஃப்.எல்.லுக்கு வருகிற பிரதான வழி டிராஃப்ட். ஒவ்வொரு ஏப்ரல் கடைசியிலும் 32 அணிகள் வரிசையாக ஒவ்வொரு ஆளாகத் தெரிவு செய்யும். ஏழு சுற்று. போன சீசனில் மோசமாக விளையாடிய அணிக்கு முதல் இடம். எந்த அணிக்குப் போவது என்று சொல்கிற உரிமை வீரருக்கு இல்லை. 2023இல் மொத்தம் 259 தெரிவுகள். நக்கூவாவின் பெயர் வந்தது ஐந்தாம் சுற்றில், 177ஆவதாக. அதாவது 176 தரம் வேறு ஆட்களின் பெயர் வாசிக்கப்பட்ட பிறகுதான் அவருடைய முறை வந்தது. முதல் சுற்றை உலகமே ரிவியில் பார்க்கும். ஐந்தாம் சுற்றைப் பார்க்கிறது வீட்டு ஆக்களும், வேறு வேலை இல்லாத எங்களைப் போன்ற ஆக்களும்தான்.

ஏன் 177? காரணங்கள் இல்லாமல் இல்லை. 2019இல் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் விளையாடும்போது பாத எலும்பு முறிந்தது. பிறகு சொந்த மாநிலமான யூட்டாவுக்குத் திரும்பி பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் விளையாடினார். 2022இலும் காயத்தால் சில மேட்ச்களைத் தவறவிட்டார். எல்லாவற்றையும் விட, 40 யார்ட் ஓட்டம். 36 மீற்றர் சொச்சத் தூரம். அதை 4.57 செக்கனில் ஓடினார். 4.4 செக்கனில் ஓடுகிறவர்கள் இருக்கிற இடத்தில் இது மெதுவான கால். செக்கனில் ஆறில் ஒரு பங்கு வித்தியாசம். கண் வெட்டுகிற நேரம் கூட இல்லை. ஆனால் வெட்டுப்புள்ளி அங்கேதான் விழுகிறது.

இப்ப அந்த சீசன் முடிவில் என்ன நடந்தது எண்டு பாருங்கோ. 105 பந்து, 1486 யார்ட், 6 டச்டவுன். முதல் வருஷ வீரர் ஒருவர் பிடித்த ஆகக்கூடிய பந்துகள் என்ற சாதனை ஜெய்லன் வொடிலிடம் இருந்தது: 2021இல் 104. ஆகக்கூடிய யார்ட் சாதனை 1960இல் பில் குரோமன் எடுத்த 1473. ரெண்டும் ஒரே பின்னேரத்தில், சீசனின் கடைசி மேட்ச்சில் போனது. அன்றைக்கு ராம்ஸின் வழமையான குவாட்டர்பெக் மத்யூ ஸ்டஃபர்ட்டுக்கு ஓய்வு. பந்தை எறிந்தது மாற்று ஆளான கார்சன் வென்ட்ஸ். நேர்மையாகச் சொல்வதென்றால் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: குரோமன் விளையாடிய காலத்தில் ஒரு சீசனுக்கு 14 மேட்ச், இப்போது 17. மேட்ச் கணக்கில் பார்த்தால் குரோமன்தான் இன்னும் மேலே. 63 வருஷமாக நின்ற சாதனைக்கு அந்த மரியாதையைக் கொடுக்கத்தான் வேண்டும்.

அதே டிராஃப்டில் முதல் சுற்றில் நாலு ரிசீவர்கள் போனார்கள், 20இல் இருந்து 23 வரை வரிசையாக. அந்த முதல் சீசனில் ஜோர்டன் அடிசன் 911 யார்ட், சே ஃபிளவர்ஸ் 858, ஜெக்சன் ஸ்மித்-இன்ஜிக்பா 628, குவென்டின் ஜோன்ஸ்டன் 431. ஒருவரும் நக்கூவாவுக்குக் கிட்ட இல்லை.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு கட்டுரை எப்பிடிப் போகும் எண்டு எங்களுக்குத் தெரியும். "பார்த்தீங்களா, கஷ்டப்பட்டால் எதையும் சாதிக்கலாம்." பின்னணியில் வயலின். பிறகு ஒரு போஸ்டர். எங்களுக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை. பொய் என்பதால் அல்ல, பாதி என்பதால்.

கஷ்டப்பட்டார், சந்தேகமில்லை. ஆனால் 178இல் இருந்து 259 வரை வந்தவர்களும் கஷ்டப்பட்டவர்கள்தான். ஒரு சுற்றிலும் பெயர் வராமல் வீட்டுக்குப் போனவர்களும்தான். நக்கூவாவுக்கு நடந்த இன்னொரு விஷயம் என்னவென்றால், ராம்ஸின் முதன்மை ரிசீவர் கூப்பர் கப்புக்குப் பின்தொடைத் தசையில் காயம். முதல் நாலு மேட்ச் அவர் இல்லை. அந்த இடைவெளியில் ஸ்டஃபர்ட் முதல் மேட்ச்சில் 15 தரம், இரண்டாம் மேட்ச்சில் 20 தரம் நக்கூவாவை நோக்கி எறிந்தார். ஐந்தாம் சுற்றில் வந்த ஒரு புதுப் பொடியனுக்கு இரண்டு மேட்ச்சில் 35 பந்து! கப் நல்ல சுகத்தோடு இருந்திருந்தால் அந்தப் பந்துகளில் கன பந்து அவரிடம்தான் போயிருக்கும். அப்போது நாங்கள் ஒருவரும் "ஆர் இந்த 17ஆம் நம்பர்?" என்று கேட்டிருக்க மாட்டோம்.

இன்னொன்று, அவர் போய்ச் சேர்ந்த இடம். ராம்ஸ் அந்த நேரம் ஒரு கஷ்டத்தில் இருந்தது. 2022 பெப்ரவரியில் சுப்பர் போல் வென்றார்கள். அடுத்த சீசனில் 5 வெற்றி, 12 தோல்வி. ஸ்டஃபர்ட்டை டெட்ரொயிட்டிடம் இருந்து வாங்குவதற்காக 2023இன் முதல் சுற்றுத் தெரிவையும் முன்கூட்டியே கொடுத்து முடித்திருந்தார்கள். கையில் இருந்தது பிந்திய சுற்றுகள்தான். கையில் காசு இல்லாதவன் சந்தையில் மற்றவர்கள் ஒதுக்கி வைத்ததைக் கிண்டிப் பார்க்கிற மாதிரி, அவர்கள் பார்க்க வேண்டியிருந்தது. அதோடு, கால் வேகம்தான் எல்லாம் என்று நினைக்காத அணி அது. கூப்பர் கப்பே 40 யார்டை 4.62 செக்கனில் ஓடியவர். சின்னப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருந்து மூன்றாம் சுற்றில் வந்தவர். அவர் 2021இல் 145 பந்து, 1947 யார்ட், 16 டச்டவுன் என்று மூன்றிலும் லீக்கில் முதலிடம் எடுத்தார். பயிற்றுவிப்பாளர் ஷோன் மக்வேயின் ஆட்டத்தில் ரிசீவர் பந்து பிடித்தால் மட்டும் போதாது. பந்து வராத நேரம் எதிரணி ஆளை மறித்துத் தள்ளவும் வேண்டும். இடிக்குப் பயப்படாத, பந்தைப் பிடித்த பிறகும் விழாமல் ஓடுகிற நக்கூவாவுக்கு அது அளந்து தைத்த சட்டை மாதிரி.

அப்ப, இது அதிசயமா? இல்லை. திறமை இருந்தது. அதை அளக்கிற கோல் ஒருவரிடமும் இருக்கவில்லை. நேராக ஓடுகிற வேகத்தை மணிக்கூட்டால் அளக்கலாம். இடி விழப்போகிறது என்று தெரிந்தும் கையை நீட்டுகிற மனசை எந்த மணிக்கூடு அளக்கும்? அளக்கக் கூடியதை அளந்துவிட்டு, அதுதான் அந்த ஆள் என்று முடிவு கட்டினார்கள். நாங்களும் தலையாட்டினோம். ஆகவே "எதிர்பார்ப்பை மீறினான்" என்று சொல்லும்போது நாங்கள் சொல்ல வேண்டியது உண்மையில் வேறு: எங்கள் எதிர்பார்ப்பு பிழை. அவர் எதையும் மீறவில்லை. தன்னால் முடிந்ததைத்தான் செய்தார்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு இருக்கிறது. எங்கள் குழுவிலேயே ஒருவர் அதை விடாமல் சொல்கிறார். முதல் சுற்றில் வருகிறவர்கள் பொதுவாக நன்றாகத்தான் விளையாடுகிறார்கள்; ஒரு நக்கூவாவைக் காட்டி முழு முறையையும் பிழை சொல்லக் கூடாது. சரி, ஒத்துக்கொள்கிறோம். அடிசனும் ஃபிளவர்ஸும் நல்ல வீரர்கள். முதல் சீசனில் 628 யார்ட் எடுத்த ஸ்மித்-இன்ஜிக்பா அடுத்த சீசனில் 100 பந்து, 1130 யார்ட். அவரை முதல் வருஷத்தோடு கழித்து விட்டிருந்தால் அதுவும் அவசரத் தீர்ப்புத்தான். வரிசை போடுவது குற்றம் இல்லை. அந்த வரிசை எண்ணை ஒரு ஆளின் நெற்றியில் ஒட்டி, அவர் வேறு விதமாக நிரூபித்த பிறகும் கழற்ற மறுப்பதுதான் பிரச்சினை.

கழற்ற மறுப்பது என்று சொல்வது சும்மா வார்த்தைக்கு இல்லை, காசுக் கணக்கு. என்.எஃப்.எல்.லில் புது வீரரின் சம்பளம் எத்தனையாவதாகத் தெரிவானார் என்பதை வைத்துத்தான் தீர்மானிக்கப்படும். 2011இல் போட்ட ஒப்பந்தத்தில் வந்த முறை அது. ஒப்பந்தம் நாலு வருஷம். மூன்று சீசன் முடியும் வரை அதைத் திருத்திப் பேசவே முடியாது. நல்லா விளையாடினால் நாலாம் வருஷம் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கிற ஏற்பாடு ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே 63 வருஷச் சாதனையை முறித்த பிறகும் நக்கூவா வாங்கியது 177ஆம் ஆளின் சம்பளம். முதல் சுற்றில் வந்தவர்கள் அவரை விடக் குறைவாக விளையாடி, பல மடங்கு கூட எடுத்தார்கள். வயசு போகப் போகத்தான் சம்பளம் கூடும் என்று பொறுத்திருக்க இது கந்தோர் வேலை இல்லை. ஒரு முழங்கால் போனால் எல்லாம் போகும். 2024இன் முதல் மேட்ச்சிலேயே அவருக்கு முழங்காலில் அடிபட்டது. ஒக்டோபர் கடைசியில்தான் திரும்பி வந்தார். எங்களுக்கு "அதிசயக் கதை" விற்ற லீக்குக்கு அந்தக் கதையால் வந்த லாபம் பெரிது. கதையின் நாயகனுக்குக் கிடைத்தது ஐந்தாம் சுற்றின் விலை. கைதட்டுகிற நேரம் இதையும் கேட்க வேண்டும் என்பதுதான் எங்கள் நிலைப்பாடு.

கடைசியாக ஒரு இரவு. 2024 ஜனவரி 14, டெட்ரொயிட். பிளேஓஃப் மேட்ச். நக்கூவா 9 பந்து பிடித்து 181 யார்ட். பிளேஓஃபில் முதல் வருஷ வீரர் ஒருவர் எடுத்த ஆகக்கூடிய யார்ட் அதுதான். ஆனாலும் ராம்ஸ் 24-23 என்று ஒரே ஒரு புள்ளியால் தோற்றது. கடைசி நிமிஷங்களில் ராம்ஸுக்குப் பந்து திரும்பக் கிடைக்காமல் செய்தது டெட்ரொயிட் ரிசீவர் அமொன்-ரா சென்ட் பிரவுன் பிடித்த ஒரு பந்து. அவர் 2021 டிராஃப்டில் நாலாம் சுற்று, 112ஆவது ஆள். தனக்கு முன்னால் தெரிவான 16 ரிசீவர்களின் பெயர்களையும் வரிசையாகப் பாடமாக்கி வைத்திருப்பவர். கேட்டால் ஒரே மூச்சில் சொல்லுவார்.

அந்த இரவில் மைதானத்தில் நின்ற ஆகச்சிறந்த ரெண்டு ரிசீவர்களும், நிபுணர்கள் தங்கள் தாளில் கீழே எழுதி வைத்த ஆக்கள். சென்ட் பிரவுன் அந்த 16 பெயரை ஏன் மறக்க மாட்டேன் என்கிறார் என்பது எங்களுக்கு விளங்குது. கோபம் நல்ல பெற்றோல். ஆனால் அந்தப் பெயர்களை நினைவில் வைத்திருக்க வேண்டியது அவர் மட்டும் இல்லை. தாளில் எழுதினவர்களும், அந்தத் தாளை நம்பின எங்களைப் போன்ற ஆக்களும்தான்.

காயத்துக்குப் பிறகு நக்கூவா 2024இல் 11 மேட்ச் விளையாடி 79 பந்து, 990 யார்ட் எடுத்தார். மேட்ச்சுக்குச் சரியாக 90 யார்ட். சாதனை வருஷத்தில் அது 87 சொச்சம். அதாவது இரண்டாம் வருஷம் முதல் வருஷத்தை விடக் கொஞ்சம் கூட. ஆனால் இந்த முறை எங்கள் குறூப்பில் ஒருவரும் "ஆர் இவன்?" என்று கேட்கவில்லை. "எதிர்பார்ப்பை மீறிட்டான்" என்றும் ஒருவரும் எழுதவில்லை. ஒரு மேட்ச்சில் 70 யார்ட் எடுத்தால் "இண்டைக்கு என்ன நடந்தது?" என்று கேட்கத் தொடங்கிவிட்டோம். ஒருவகையில் அதுதான் அவருக்குக் கிடைத்த சரியான மரியாதை என்று நினைக்கிறோம்.