பெயரிலிருந்து நீக்கப்பட்ட சாதி



நம் குழித்துறைக்கு அருகேயுள்ள நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டன், 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். திருவிதாங்கூர் அரசின் அலுவலர். சமூகம் மேலென்று வைத்த குலத்தவர். அந்த மேன்மையை உதறி, தாழ்த்தப்பட்டோருடன் சமமாய்ப் பழகினார். எருமையின்மேல் ஏற்றி ஊரூராய் அவமானப்படுத்தினார்கள். 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அவர் மறுதலிக்கவில்லை.

2022-இல் அவரைப் புனிதராக அறிவிக்கும் முன்னர், 'பிள்ளை' என்னும் சாதிப்பெயரை வத்திக்கான் நீக்கியது. அவர் விட்டெறிந்ததை நாம் 270 ஆண்டுகள் அவர்மேல் சுமத்தியிருந்தோம்!

"அவர் ரோமன் கத்தோலிக்கர், நமக்கென்ன?" என்கிறீர்களோ? சாதி பார்ப்பதில் மட்டும் நமக்குள் சபைப்பிரிவே இல்லையே. மணமகள் தேடும் விளம்பரத்தில் 'இரட்சிக்கப்பட்டவள்' என்று எழுதிய கையே அடுத்த வரியில் சாதியையும் எழுதுகிறது. பட்சபாதம் பாவம் என்று கண்டிக்கும் யாக்கோபின் நிருபம் இரண்டாம் அதிகாரத்தை நாம் வாசிக்காமலா இருக்கிறோம்? ஞானஸ்நானத்தில் மூழ்காத ஒன்றை எந்தத் தண்ணீரில் கழுவுவீர்கள்?

நானும் இதுவரை அத்தகைய வரன் விவரங்களை மறுப்பின்றி வாங்கிப் பிறருக்குக் கொடுத்திருக்கிறேன். அது என் பிழை. இனி சாதி குறித்த தாளை என்னிடம் கொண்டுவராதீர்கள், திருப்பியே தருவேன்.