சாலை பள்ளிக்கூடம் அல்ல

"நாற்பத்தைந்து வயதில் இந்த மனுஷனுக்கு ஏன் இந்தப் பைத்தியம்?" என்று என் காது படவே பேசிக்கொள்கிறார்கள். பேசுகிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தாம். சரவணம்பட்டியில் என் வீட்டுக்கு இரு பக்கமும் குடியிருக்கிறவர்கள். என் கதைகளைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறவர்கள். கதை எழுதிப் பிழைக்கும் ஒருவன், ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் ஒரு ஹெல்மெட்டையும் பழைய மாருதி காரையும் எடுத்துக்கொண்டு எங்கோ ஒரு திடலுக்குப் போய், அங்கே நட்டு வைத்த கூம்புகளைச் சுற்றி ஓட்டிவிட்டுப் புழுதி முகத்தோடு திரும்பி வந்தால் அவர்கள் கவலைப்படுவது நியாயந்தான். ஆனால் அவர்கள் கவலைப்பட வேண்டிய இடம் அதுவல்ல என்பதுதான் என் கட்சி.

நான் போய் ஓட்டுவதற்கு ஆட்டோகிராஸ் என்று பெயர். பிரிட்டனில் இதைப் புல்லிலும் மண்ணிலும் நடத்துகிறார்கள். அமெரிக்காவில் காலியாகக் கிடக்கும் கார் நிறுத்துமிடங்களில் கூம்புகளை அடுக்கிப் பாதை வகுத்து நடத்துகிறார்கள். எங்கே நடந்தாலும் விஷயம் இதுதான்: பாதை அடைத்த பாதை, எதிரே வண்டி வராது, போட்டி கடிகாரத்தோடு. கூம்பைத் தட்டினால் உங்கள் நேரத்தோடு அபராத விநாடிகள் சேரும். நான் போகும் திடலில் ஒரு சமயத்தில் ஒரு கார்தான் ஓடும்.

இது ஏதோ வெள்ளைக்காரன் வேடிக்கை என்று நினைக்கிறவர்கள் பொள்ளாச்சிப் பக்கம், உடுமலைப் பக்கம் போய் ரேக்ளாப் பந்தயம் பார்க்கட்டும். அங்கேயும் 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரம் அளந்து, வண்டிகளை ஒவ்வொன்றாக விட்டு, கடிகாரத்தைப் பார்த்துத்தான் பரிசு கொடுக்கிறார்கள். காளையைப் பழக்காமல் யாராவது பந்தயத்துக்குக் கொண்டுபோவார்களா? காளைக்குப் பழக்கம் வேண்டும் என்று தெரிந்த கொங்கு நாட்டில், கார் ஓட்டும் பையனுக்குப் பழக்கம் வேண்டும் என்பது மட்டும் ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

என் தங்கை மகனுக்கு இருபது வயது. கல்லூரியில் சேர்ந்ததும் மாப்பிள்ளை அவனுக்குப் புதுக் கார் வாங்கிக் கொடுத்தார். ஒரு மாதத்தில் அவன் அதன் சைலன்சரை மாற்றினான். அடுத்த மாதம் டயரை மாற்றினான். மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒரு நாள் அவன், "மாமாகூட ஆட்டோகிராஸுக்குப் போறனுங்க" என்று கேட்டான். அன்றைக்குத்தான் வீட்டில் பூகம்பம்.

"ஏனுங்க மச்சான், நீங்க கெட்டது பத்தாதுன்னு பையனையும் கெடுக்கோணுமா?" என்றார் மாப்பிள்ளை.

"அண்ணா, ரேஸெல்லாம் நமக்கு எதுக்குங்ணா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்றாள் தங்கை.

அந்த நாலு பேரிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. நள்ளிரவில் சத்தி ரோட்டில் பையன்கள் விட்டடிக்கும் சத்தம் அவர்கள் காதில் விழுவதில்லையா? திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அங்கே போய்ச் 'சாதனை' செய்துவிட்டு வந்து மார் தட்டிக்கொள்கிறவன் எந்த வீட்டுப் பையன்? அப்போது சொல்ல வராத அந்த நாலு பேர், திடலில் கடிகாரத்தோடு ஓட்டப் போகும்போது மட்டும் எங்கிருந்து வருகிறார்கள்?

இரண்டு வருஷத்துக்கு முன் என் மருமகனின் வகுப்புத் தோழன் ஒருவன் விடியற்காலை நான்கு மணிக்கு அந்த ரோட்டில் காரை விரட்டினான். எதிரே பால் கேன்களோடு சைக்கிளில் ஒருவர் வந்துகொண்டிருந்தார். அந்தப் பையன் இன்று ஊன்றுகோலோடு நடக்கிறான். பால்காரர் பிழைக்கவில்லை. எங்கள் தெருவுக்கும் அவர்தான் பால் ஊற்றினார். ஊர் என்ன சொல்லிற்று தெரியுமா? "கெட்ட நேரம்" என்றது. நான் சொல்கிறேன், அது நேரத்தின் குற்றமல்ல. அந்தப் பையனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. தெரியாது என்பதும் அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவனுக்கு ஓர் இடத்தை நாம் யாரும் காட்டவில்லை.

எனக்கும் தெரியாது என்பதை நான் முதல் நாளே தெரிந்துகொண்டேன். இருபது வருஷமாகக் கார் ஓட்டுகிறவன், ஒரு கீறல் படாமல் ஓட்டுகிறவன் என்ற கர்வத்தோடு போனேன். முதல் ஓட்டத்தில் 1 நிமிஷம் 31 விநாடி. நான்கு கூம்புகளைச் சாய்த்தேன். பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது. எனக்கு முன்னால் இருந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கடிகாரம் என் வயதையும் பார்க்கவில்லை, நான் எழுதிய நாவல்களையும் பார்க்கவில்லை.

கணபதியில் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக் அன்று பயிற்சி ஓட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு சுற்று முடிந்ததும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சார், நீங்க கூம்பையே பாக்கறீங்க. பாக்கற எடத்துக்குத்தானுங்க வண்டி போகும். அதை உட்டுப்போட்டு அடுத்த வளைவப் பாருங்க." அடுத்த ஓட்டத்தில் ஒரே ஒரு கூம்புதான் சாய்ந்தது. இருபது வருஷத்தில் யாரும் எனக்குச் சொல்லாத பாடம் அது.

பிறகு ஒவ்வொன்றாகக் கற்றேன். ஓட்டுவதற்கு முன் பாதையைக் காலால் நடந்து பார்க்க வேண்டும். ஒரு முறை அல்ல, மூன்று முறை. கண்ணை மூடினால் எந்த வளைவுக்குப் பிறகு எந்த வளைவு என்று சொல்லத் தெரிய வேண்டும். பிரேக்கை நேராகப் போகும்போதே அழுத்தி முடித்துவிட்டு, அப்புறம் திரும்ப வேண்டும். வளைவுக்குள் மெதுவாக நுழைகிறவன்தான் வெளியே வேகமாக வருவான். பாய்ந்து நுழைகிறவன் உள்ளேயே தடுமாறிக்கொண்டிருப்பான்.

டயரின் பிடிமானம் நம் மாதச் சம்பளம் மாதிரி. அதற்குள்தான் வீட்டு வாடகை, அதற்குள்தான் அரிசி பருப்பு. பிரேக்குக்கே முழுவதையும் செலவழித்துவிட்டால் திரும்புவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. அப்போது ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் கார் நேராகத்தான் போகும். இந்த உண்மையைத் திடலில் அறிந்தவனுக்கு ஒரு கூம்புதான் நஷ்டம். சத்தி ரோட்டில் அறிகிறவனுக்கு என்ன நஷ்டம் என்று மேலே எழுதிவிட்டேன்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 28 மீட்டர் போய்விடும். கண் பார்த்து, மனம் உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்த ஒரு விநாடி கழிந்துவிடும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு கார் நிற்க வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்து மார்க் வாங்கியவர்கள்தாம் நம் பையன்கள். ஆனால் படித்தது உடம்பில் ஏறவில்லை. உடம்பில் ஏற்ற ஒரு திடல் வேண்டும்.

இங்கே இன்னொரு கூட்டத்தையும் நான் விடப்போவதில்லை. திடலுக்கு வருகிறவர்களிலேயே சிலர், இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையே விலையுயர்ந்த டயரோடு வருகிறார்கள். மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை புதிய ஸ்பிரிங். கையில் இல்லாத வித்தையைக் கடையில் வாங்க முடியும் என்று நம்புகிறவர்கள் இவர்கள். நல்ல டயர் ஆரம்பக்காரனின் தப்பை மூடி மறைக்கும், திருத்தாது. இருக்கிற காரை இருக்கிற நிலையில், பிரேக்கும் டயரும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொண்டு, ஒரு வருஷம் ஓட்டட்டும். முதலில் ஒரு கூம்பையும் தொடாமல் ஓட்டத்தை முடிக்கட்டும். விநாடிகள் தாமாகக் குறையும். ஆறு மாதத்தில் என் கார் மாறவில்லை. அதே போன்ற பாதையில் என் நேரம் 1 நிமிஷம் 14 விநாடிக்கு வந்திருக்கிறது. இப்போதும் நான் கடைசிக்கு முந்தியவன்தான். ஆனால் 17 விநாடியும் என் சொந்தச் சம்பாத்தியம்.

"நம்ம ஊர் நரேன் கார்த்திகேயன்!" என்று நாம் எல்லாரும் பெருமைப்படுகிறோம். 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவர். அந்த உயரத்துக்கு அவர் எங்கிருந்து ஏறினார்? ஃபார்முலா மாருதி என்ற சிறு பந்தய வண்டியிலிருந்து. அந்த வண்டியை உருவாக்கியவர் கோவைக்காரரான கரிவரதன். நம் தெருக்களில் ஓடிய மாருதியின் எஞ்சினை வைத்தே, அதிகச் செலவில்லாமல் இளைஞர்கள் ஓட்டப் பழகட்டும் என்று செய்தார். 1995-இல் அவர் மறைந்தார். செட்டிபாளையத்தில் 2003-இல் திறந்த பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான். எளிய வண்டியில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏறு என்று காட்டிய ஊர் இது. அந்தப் படிகளை மறந்துவிட்டு, உச்சியில் நின்றவரின் படத்தை மட்டும் காரின் பின் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறோம்!

சட்டம் இல்லாமலில்லை. பொது இடத்தில் பந்தயம் விடுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவு குற்றம் என்கிறது. 2019-இல் வந்த திருத்தத்தின்படி, வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றவருக்கே மூன்று வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. நல்ல சட்டந்தான். ஆனால் 'இங்கே ஓட்டாதே' என்று மட்டும் சொல்கிற ஊர், 'அங்கே ஓட்டு' என்று ஓர் இடத்தையும் காட்ட வேண்டாமா? பந்தயத் தடம் ஒன்று ஊரின் தெற்கே இருக்கிறது, அது தேர்ந்தவர்களுக்கு. அரிச்சுவடி படிக்க இடம் எங்கே?

சரவணம்பட்டியைச் சுற்றிப் பாருங்கள். சோளமும் நிலக்கடலையும் விளைந்த காடெல்லாம் இன்று கல்லூரிகளும் கம்ப்யூட்டர் கம்பெனிகளும். அவற்றின் விசாலமான கார் நிறுத்துமிடங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வெறிச்சோடிக் கிடக்கின்றன. மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை மூன்று மணி நேரம் கொடுக்கட்டும். விதிகளை அறிந்த மோட்டார் சங்கத்தார் நடத்தட்டும். ஹெல்மெட்டும் சீட் பெல்ட்டும் இல்லாதவனைத் திருப்பி அனுப்பட்டும். ஒரு ஆம்புலன்ஸ் நிற்கட்டும். ஆபத்தே இராது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆபத்து ஓட்டுகிறவனோடு நிற்கும். பால்காரரைத் தேடிப் போகாது.

இந்த வாதத்தையெல்லாம் மாப்பிள்ளையிடமும் சொன்னேன். அரை மனதோடு, "ஒரு வாட்டி மட்டும், மச்சான்" என்று விட்டார். மருமகன் புது டயரும் பெரிய சத்தமுமாக வந்து, ஏழு கூம்புகளைச் சாய்த்து, எனக்கும் கீழே, கடைசி இடத்தைப் பிடித்தான். திரும்பி வரும்போது கணபதி தாண்டும் வரை அவன் பேசவில்லை. அப்புறம், "எனக்கு ஓட்டவே தெரியலீங்க மாமா" என்றான்.

சத்தி ரோட்டில் அன்று அவன் காரை நாற்பதுக்கு மேல் விடவில்லை. இப்போது சொல்லுங்கள், பையனைக் கெடுத்தது நானா?