கோடையில் வண்டியை எங்கே நிறுத்துவது?



பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே ஒரு கட்டில் அடித்து, வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு ஊர் ஊராகப் போய் வாழும் அமெரிக்கர்களின் காணொளிகளை நம் பிள்ளைகளும் விரும்பிப் பார்க்கிறார்கள். அங்கே மேற்படிப்புக்குப் போகத் தயாராகும் சிலர், "வாடகை கட்டுப்படியாகலன்னா வண்டியிலயே இருந்துடலாம்ணே" என்று பாதி விளையாட்டாகவும் பாதி கணக்காகவும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கிண்டல் செய்ய வேண்டிய பேச்சல்ல இது. கென் இல்குனாஸ் என்ற மாணவர் கடன் வாங்காமல் படிப்பதற்காக டியூக் பல்கலைக்கழகத்தின் வாகன நிறுத்துமிடத்தில் ஒரு வேனிலேயே குடியிருந்து முதுகலை முடித்தார், 2013இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். அவரைப் போலச் செய்ய முடியுமா என்று கேட்பதில் தவறில்லை. யாரால் முடியும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

வண்டியில் வாழ்பவர்களுக்குக் கோடை பிறந்தால் ஒரே கவலை, எங்கே போவது என்பதுதான். வண்டி என்பது தகரப் பெட்டி. வெளியே 35 டிகிரி என்றால், மூடிய வண்டிக்குள் அரை மணி நேரத்தில் 45ஐத் தாண்டிவிடும். ஏ.சி. ஓட வேண்டுமானால் இன்ஜின் ஓட வேண்டும். இரவு முழுக்க இன்ஜினை ஓடவிட்டால் டீசல் செலவு ஒரு பக்கம், புகை ஒரு பக்கம். ஆகவே அனுபவசாலிகள் சொல்லும் முதல் விதி, உயரத்துக்குப் போ என்பது. ஆயிரம் மீட்டர் மேலே ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். அரிசோனா மாநிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பீனிக்ஸ் நகரம் கடல் மட்டத்திலிருந்து 330 மீட்டரில் கிடக்கிறது, ஜூலை மாதப் பகல் வெப்பம் சராசரியாக 41 டிகிரி. அங்கிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரம் வடக்கே ஓட்டினால் ஃபிளாக்ஸ்டாஃப். உயரம் சுமார் 2,100 மீட்டர், அதே ஜூலையில் பகல் 28 டிகிரிதான். இரவில் போர்வை தேவைப்படும். நம் சமவெளிக்கும் கொடைக்கானலுக்கும் உள்ள வித்தியாசம் போலத்தான்.

மேலே ஏறிவிட்டாலும் வேலை முடிவதில்லை. மர நிழலில் நிறுத்தினால் வண்டி குளிரும், ஆனால் கூரையில் உள்ள சோலார் பேனல் பட்டினி கிடக்கும். வெயிலில் நிறுத்தினால் பேட்டரி நிறையும், ஆள் வெந்துபோவார். அரிசோனாக் காடுகளில் மழை ஜூலையில்தான் வரும். அதற்கு முந்தைய ஜூன் மாதம் காய்ந்து கிடக்கும், காட்டுத்தீ பயத்தில் வனத்துறை சில பகுதிகளை மூடிவிடுவதும் உண்டு. தண்ணீர் பிடிக்க எவ்வளவு தூரம் போக வேண்டும், செல்போன் சிக்னல் கிடைக்குமா, கழிவைக் கொட்ட இடம் உண்டா என்பதையெல்லாம் முன்கூட்டியே பார்க்க வேண்டும். மலை வேண்டாமென்றால் பசிபிக் கடற்கரை. சான் பிரான்சிஸ்கோவில் ஜூலையில் பனிமூட்டம்தான், பகலிலேயே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும்.

இதெல்லாம் நல்ல அறிவுரை, பயனுள்ளது. ஆனால் இந்தப் பட்டியல்களில் எழுதப்படாத ஒரு பத்தி இருக்கிறது. அது, இங்கே நிறுத்த என்னை விடுவார்களா என்பது. பட்டியல் எழுதுகிறவர்களுக்கு அது கடைசிக் கேள்வி, பலருக்குக் கேள்வியே அல்ல. நமக்கு அது முதல் கேள்வி. ஒரு தெருவில் செருப்போடு நடப்பதற்கே வழக்கு நடத்த வேண்டியிருந்த சமூகத்துக்கு, ஓர் இடத்தின் சுகம் தெர்மாமீட்டரில் தொடங்குவதில்லை என்று யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

அமெரிக்கச் சட்டம் என்ன சொல்கிறது? மேற்கு மாநிலங்களில் அரசுக்குச் சொந்தமான பரந்த நிலங்களிலும் தேசியக் காடுகள் பலவற்றிலும் கட்டணமில்லாமல் வண்டியை நிறுத்தித் தங்கலாம், பொதுவாக 14 நாள். அதன்பிறகு இடம் மாற வேண்டும். அந்த நிலங்கள் பெரும்பாலும் ஊருக்கு வெகுதூரத்தில் இருப்பவை. நகரத்தில் வேலையோ படிப்போ உள்ளவருக்கு அவை உதவாது. அவர் தெருவில்தான் நிறுத்த வேண்டும், தெருவில்தான் சட்டம் கழுத்தைப் பிடிக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் வண்டியில் வசிப்பதைத் தடைசெய்த விதியை, அது தெளிவில்லாதது, போலீஸ் ஆள் பார்த்துப் பாய இடம் கொடுப்பது என்று சொல்லி 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தூக்கி எறிந்தது. நகராட்சி சும்மா இருக்கவில்லை. குடியிருப்புத் தெருக்களில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வண்டியில் தங்கக் கூடாது என்று வேறு வாசகத்தில் புதிய விதி கொண்டுவந்தது. தூங்குகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் தாராளமாகத் தூங்கலாம் என்று பொருள்! பிறகு 2024 ஜூனில் கிராண்ட்ஸ் பாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. போக்கிடம் இல்லாதவர்கள் பொது இடத்தில் படுத்துறங்கினால்கூட ஊராட்சிகள் அபராதம் போடலாம், தண்டிக்கலாம், அது அரசமைப்புச் சட்டம் தடுக்கும் கொடுந்தண்டனை ஆகாது என்றது. அந்த ஊரின் விதியில் 'முகாம்' என்ற சொல்லுக்குள் வண்டியும் அடக்கம்.

இப்போது வெப்பத்தையும் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்த கடற்கரை நகரங்களில் நில விலை உச்சத்தில் இருக்கிறது, அங்கே இரவில் வண்டி நிறுத்த இடமில்லை. தாராளமாக நிறுத்தக் கிடைக்கும் இடமோ பாலைவனம். அரிசோனாவின் குவார்ட்ஸைட் ஊரைச் சுற்றி ஆயிரக்கணக்கான வண்டிகள் மாதக்கணக்கில் தங்க அரசே அனுமதி தருகிறது. எப்போது? செப்டம்பர் பாதியிலிருந்து ஏப்ரல் பாதி வரை. அது குளிர்காலச் சலுகை. கோடையில் அந்த மணலில் யாரும் விரும்பித் தங்குவதில்லை, வேறு வழியில்லாதவர்களைத் தவிர.

வேறு வழியில்லாதவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2023 கோடையில் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள்கள் வெப்பம் 43 டிகிரியைத் தாண்டியது. அந்த நகரம் உள்ள மாரிகோபா மாவட்டத்தில் அந்த ஆண்டு வெப்பத்தால் இறந்தவர்கள் 645 பேர். அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் வீடற்றவர்கள். மலை ஏறினால் குளிரும் என்பது அவர்களுக்குத் தெரியாமலா போயிற்று? ஓடுகிற வண்டியும், பெட்ரோலுக்குக் காசும், போய் நிற்க அனுமதியும் வேண்டுமே.

நகரத்துக்குள்ளேயே வெயில் எல்லோர் மீதும் ஒரே மாதிரி விழுவதில்லை என்பதும் ஆய்வில் தெரிந்த செய்தி. 1930களில் அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்று நகர வரைபடங்களில் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளைச் சிவப்பு வண்ணத்தில் குறித்து, அங்கே வீட்டுக்கடன் கொடுப்பது ஆபத்து என்று முத்திரை குத்தியது. 2020இல் 108 நகரங்களை ஆராய்ந்த அறிஞர்கள், அந்தச் சிவப்புப் பகுதிகள் இன்றைக்கும் அதே நகரங்களின் மற்ற பகுதிகளைவிடச் சராசரியாக 2.6 டிகிரி கூடுதலாகக் காய்வதைக் கண்டார்கள். மரம் இல்லை, பூங்கா இல்லை, சிமெண்டும் தாரும்தான். ஊருக்கு மரநிழல், சேரிக்குப் பொட்டல் என்று நாம் கண்ணால் பார்த்து வளர்ந்ததை அங்கே செயற்கைக்கோள் படம் எடுத்துக் காட்டியிருக்கிறது. நகரத்தில் இரவில் வண்டி நிறுத்த நிழல் தேடுகிறவருக்கு இந்தக் கணக்கு நேரடியாகவே உறைக்கும்.

'நோமேட்லாண்ட்' படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள், 2021இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. அதன் மூலம் ஜெசிகா புரூடர் 2017இல் வெளியிட்ட நூல். வேலையும் வீடும் போய், ஓய்வூதியம் போதாமல், அறுபது எழுபது வயதில் வண்டியில் வாழும் வெள்ளைத் தொழிலாளர்களின் கதை. அவர்கள் சொகுசுக்காரர்கள் அல்ல. கோடையில் மலைக்காட்டு முகாம்களில் காவலாகவும் துப்புரவாளராகவும் வேலை பார்த்து, சுற்றுலாப் பயணிகளின் கழிப்பறைகளைக் கழுவித்தான் அவர்களில் பலர் அந்தக் குளிர்ந்த இடத்தைச் சம்பாதிக்கிறார்கள். (கழிப்பறை கழுவியதால் அவர்கள் பரம்பரைக்கே முத்திரை விழுவதில்லை. அந்த வேறுபாட்டையும் மறக்க வேண்டாம்.) அந்த வர்க்கத் துயரத்தை நாம் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் தான் சந்தித்த நாடோடிகள் ஏறக்குறைய எல்லோருமே வெள்ளையர்களாக இருப்பது ஏன் என்ற கேள்வியை புரூடரே எழுப்புகிறார். அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் 13 விழுக்காடு அளவில், வீடற்றவர்களிலோ மூன்றில் ஒரு பங்கு. அப்படியானால் வண்டி வாழ்க்கையில் அவர்கள்தான் முன்னால் தெரிய வேண்டும். நள்ளிரவில் வண்டிக் கண்ணாடியை டார்ச்சால் தட்டும் போலீஸ்காரர் உள்ளே யாருடைய முகத்தைப் பார்க்கிறார் என்பதில் விடையின் ஒரு பகுதி இருக்கிறது. வெள்ளைக்கார மூதாட்டிக்கு, "அம்மா, வண்டியைக் கொஞ்சம் நகர்த்துங்கள்." கறுப்பின இளைஞனுக்கு, "கையை மேலே தூக்கு."

இது நேற்று தொடங்கியதல்ல. ஹார்லெமைச் சேர்ந்த தபால்காரர் விக்டர் ஹ்யூகோ கிரீன் 1936இல் ஒரு சிறு கையேடு வெளியிட்டார். வண்டியில் போகும் கறுப்பினத்தவர் எந்த ஊரில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று சொல்லும் 'கிரீன் புக்'. 1966 வரை அது வந்தது. பொழுது சாய்ந்தபின் கறுப்பர் யாரும் ஊருக்குள் இருக்கக் கூடாது என்று விரட்டிய ஊர்கள் அந்த நாட்டில் ஏராளம். ஆகவே அவர்கள் சாப்பாடு, தண்ணீர், போர்வை எல்லாவற்றையும் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். விடுதிக்காரன் எவனும் சேர்க்காததால் இரவுக்கு இரவு காரின் மூலையில் முடங்கித் தூங்க வேண்டியிருப்பதை, 1963இல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் மார்ட்டின் லூதர் கிங் குறிப்பிடுகிறார். இன்றைய காணொளிகளில் விடுதலையாகக் காட்டப்படும் அதே காரியம் அன்று அவமானத்தின் பட்டியலில் ஒரு வரி.

நம் பக்கத்திலும் ஒரு வண்டி இரவு உண்டு. அண்ணலின் 'வெயிட்டிங் ஃபார் எ விசா'வை வாசித்தவர்களுக்கு நினைவிருக்கும். 1901, கோடை விடுமுறை. சிறுவன் பீமராவும் அண்ணனும் அக்காவின் பிள்ளைகள் இருவரும், அப்பா வேலை பார்த்த கோரேகானுக்குப் போக மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள். மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் எந்த மாட்டுவண்டிக்காரனும் வர மறுக்கிறான். கடைசியில் இரட்டைக் கூலிக்கு ஒருவன் சம்மதிக்கிறான், பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவன் கூட நடந்து வருவான் என்ற நிபந்தனையோடு. நள்ளிரவில் ஒரு மலையடிவாரச் சுங்கச்சாவடியை அடைகிறார்கள். இராத் தங்கலுக்கு வேறு வண்டிகளும் அவிழ்த்துவிடப்பட்டிருக்கின்றன.

கொஞ்சம் யோசியுங்கள். வண்டியில் தங்க இடம் தேர்வு செய்யும் எந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தாலும் அது நல்ல இடம். மலையடிவாரம், திறந்தவெளி, துணைக்கு மற்ற வண்டிகள், சாவடியில் ஆள் நடமாட்டம். மற்ற வண்டிக்காரர்களுக்கு அது அப்படித்தான் இருந்தது. இந்தப் பிள்ளைகளிடம் கூடை நிறையச் சாப்பாடு இருந்தது, குடிக்கத் தண்ணீர் இல்லை. சுங்கம் வசூலிப்பவர் கொடுக்கவில்லை. தண்ணீர் இல்லாமல் சாப்பாடு இறங்காது. பசியோடு, வண்டிப் பலகையில் படுக்கையை விரித்து, இரண்டு பேர் தூங்க இரண்டு பேர் விழித்திருந்து காவல் காப்பது என்று முடிவு செய்கிறார்கள்.

அமெரிக்காவில் ஒரு தலித் மாணவர் வண்டியில் வாழ்ந்தால் இதே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. அங்கே அவரைப் போலீஸ் பார்ப்பது பழுப்பு நிறத்தவராக, வெளிநாட்டவராக. விசாவில் இருப்பவருக்கு ஒரு சிறு போலீஸ் வழக்குகூடப் பெரிய தலைவலி என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டே முடிவு செய்யுங்கள். நான் சொல்வது இவ்வளவுதான்: இடத்தின் உயரத்தையும் இரவு வெப்பத்தையும் எழுதும் அதே தாளில், குழாய்த் தண்ணீர் யார் கையில் இருக்கிறது, கழிப்பறை இரவில் திறந்திருக்குமா, அந்த ஊரின் இரவு நிறுத்த விதி என்ன, உங்களைப் போன்ற தோற்றமுள்ள யாராவது அங்கே தங்கியிருக்கிறார்களா என்பதையும் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்தபின் தெர்மாமீட்டரைப் பார்க்கலாம்.

தனியாள் சாமர்த்தியத்தை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டியதில்லை. கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் 2004 முதல் ஒரு தொண்டு நிறுவனம், தேவாலயங்களும் நகராட்சியும் விட்டுக்கொடுக்கும் வாகன நிறுத்துமிடங்களில் இரவில் பாதுகாப்பாகத் தூங்க ஏற்பாடு செய்துவருகிறது. லாங் பீச் நகரக் கல்லூரி 2021இல், காரில் தூங்கும் தன் மாணவர்களுக்காகவே வளாக நிறுத்துமிடத்தை இரவில் திறந்துவிட்டது. கழிப்பறையும் இணையமும் காவலும் உண்டு. மாணவர்கள் வீடில்லாமல் இருப்பதை ஒப்புக்கொள்வது கல்லூரிக்குப் பெருமையான விஷயமில்லைதான். ஆனாலும் செய்தார்கள். மாணவர் அமைப்புகள் கையிலெடுக்க வேண்டிய கோரிக்கை இது. விடுதிக் கட்டணக் குறைப்புக்கு அடுத்த வரியாகவே இதை வைக்கலாம்.

இதை வாசிப்பவர்களில் அங்கே படிக்கிறவர்கள் இருப்பீர்கள். உங்கள் வளாகத்தில் இரவில் வண்டி நிறுத்தவும் அதில் தூங்கவும் விதி என்ன சொல்கிறது, நடைமுறையில் யாரை எழுப்புகிறார்கள், யாரை எழுப்பாமல் விடுகிறார்கள் என்று பார்த்து எழுதி அனுப்புங்கள். பெயர் போடாமல் வெளியிடுகிறேன்.