பெட்டி எந்தக் கம்பெனி என்பது கடைசிக் கேள்வி

"கடைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாம் என்றிருக்கிறேன், எந்தக் கம்பெனி நல்லது?" என்று கேட்காத வியாபாரி இன்று அநேகமாக இல்லை. ரமணாசிரமத்தை ஒட்டிச் செங்கம் சாலையில் மளிகைக் கடை வைத்திருப்பவர்களாகட்டும், கிரிவலப் பாதையில் கற்பூரமும் தண்ணீர் பாட்டிலும் விற்பவர்களாகட்டும், நகருக்குள் மொத்த வியாபாரம் செய்பவர்களாகட்டும், கேள்வி ஒன்றுதான். அந்தக் கேள்வியே தவறு என்பது நம் கருத்து. அரிசி வாங்கப் போகிறவர் சாக்கின் நிறத்தைப் பார்த்தா விலை பேசுகிறார்?

நம் கடையில் என்ன கணக்கு ஓடுகிறது, அதை எந்த மென்பொருள் செய்யும், அந்த மென்பொருளுக்கு எந்தப் பெட்டி போதும் என்ற வரிசையில் போக வேண்டும். நாம் பெரும்பாலும் தலைகீழாகப் போகிறோம். முதலில் பெட்டி வந்து கல்லா மேசையில் உட்கார்ந்து விடுகிறது. பிறகு அதற்கு வேலை தேடுகிறோம்.

இதில் நம் கடையும் விதிவிலக்கல்ல. சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வந்து, எல்லாக் கடைக்கும் போட்டுக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லி, மலிவாக ஒரு பில்லிங் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தார். கம்ப்யூட்டரின் பின்னால் ஒரு சிறு பூட்டுக் கட்டையைச் செருகினால்தான் அது திறக்கும். மூன்று வருடம் நன்றாகவே ஓடியது. நான்காம் வருடம் கம்ப்யூட்டர் பழுதாகி, புதியது வாங்கினோம். மென்பொருள் அதில் ஏற மறுத்தது. போட்டுக் கொடுத்தவரின் தொலைபேசி அடித்துக் கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. பழைய கணக்குக் கோப்பு நம் கையில் இருந்தது. ஆனால் அதைத் திறக்க அந்த மென்பொருளைத் தவிர வேறு எதனாலும் முடியவில்லை. யார் எவ்வளவு பாக்கி என்று நமக்கே தெரியாத நிலை.

காப்பாற்றியது எது தெரியுமா? நம் கணக்குப்பிள்ளை யாருக்கும் சொல்லாமல் நீள நோட்டில் பாக்கிக் கணக்கைத் தொடர்ந்து எழுதி வந்திருந்தார். "இன்னுமா ஐயா நோட்டு?" என்று நாம் கேலி செய்த அதே நோட்டு. அதை வைத்துக் கொண்டு பதினைந்து நாள் இரவு உட்கார்ந்து கணக்கை மீட்டோம்.

எனவே மென்பொருள் விற்க வருகிறவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலையல்ல. "சரக்குப் பட்டியல், வாடிக்கையாளர் பாக்கி, பழைய பில்கள் ஆகியவற்றை உங்கள் உதவியில்லாமல் நானே எக்செல் கோப்பாக எடுத்துக் கொள்ள முடியுமா? எடுத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். முடியும் என்று வாயால் சொன்னால் போதாது. நம் கண்முன் எடுத்து, ஒரு பென் டிரைவில் போட்டு, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து காட்ட வேண்டும். இப்போது பூட்டுக் கட்டை போய், கணக்கு முழுவதும் வெளியூரில் யாருடைய கம்ப்யூட்டரிலோ இருக்க, ஆண்டுச் சந்தா கட்டும் முறை வந்திருக்கிறது. வசதிதான், மறுக்கவில்லை. சந்தா கட்டாவிட்டால் பழைய கணக்கையாவது பார்க்க விடுவார்களா என்று மட்டும் எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள்.

இதை ஏதோ வியாபாரச் சச்சரவாக எண்ண வேண்டாம். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவு, அந்தந்த ஆண்டின் வருடாந்திரக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குப் புத்தகங்களை வைத்திருக்கச் சொல்கிறது. ஆறு வருடம்! மென்பொருள் விற்றவர் அதுவரை தொழிலில் இருப்பார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

இரண்டாவது கேள்வியை 2025 செப்டம்பர் நமக்குக் கற்றுக் கொடுத்தது. ஜி.எஸ்.டி. கவுன்சில் செப்டம்பர் 3-ஆம் தேதி கூடி முடிவெடுத்து, 22-ஆம் தேதி முதல் வரி விகிதங்களை மாற்றியது. இடையில் கிடைத்தது மூன்று வாரம் கூட இல்லை. பிஸ்கட், சோப்பு, ஷாம்பு, பற்பசை 18 சதவீதத்திலிருந்து 5-க்கு வந்தன. நெய்யும் வெண்ணெயும் 12-லிருந்து 5. கிரிவலத்துக்கு வருகிறவர்கள் வாங்கும் பாட்டில் தண்ணீர் 18-லிருந்து 5. அதற்குப் பக்கத்திலேயே நிற்கும் சோடா வகைக் குளிர்பானமோ 28-லிருந்து 40. மளிகைக் கடையின் அலமாரியில் பாதிக்கு மேல் ஒரே இரவில் வரி மாறியது என்றால் மிகையில்லை.

அன்று நல்ல மென்பொருளுக்கும் மோசமான மென்பொருளுக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. சரக்குகளை வகை வாரியாகப் பிரித்து, "இன்ன தேதியிலிருந்து இன்ன விகிதம்" என்று ஒருமுறை பதிவு செய்யும் வசதி இருந்தவர்கள் ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொண்டார்கள். மற்றவர்கள் ஒவ்வொரு சரக்காகத் திறந்து மாற்றினார்கள். இன்னும் சில மென்பொருள்களில் விகிதத்தை மாற்றியவுடன் பழைய பில்களிலும் புதிய விகிதமே தெரிய ஆரம்பித்தது. இது பெரிய ஆபத்து. செப்டம்பர் 10-ஆம் தேதி 18 சதவீதத்தில் விற்ற சரக்கு அக்டோபரில் திரும்பி வந்தால், அந்த வரவுச் சீட்டும் 18 சதவீதத்தில்தான் போட வேண்டும். பழைய பில் பழைய விகிதத்தை நினைவில் வைத்திருக்கா விட்டால் கணக்கு எப்படி நேராகும்? ஆகவே வாங்கும் முன், ஒரு சரக்கின் வரியை நாளைத் தேதியிலிருந்து மாற்றச் சொல்லி, நேற்றைய பில்லை மறுபடி அச்சடிக்கச் சொல்லிப் பாருங்கள்.

வியாபாரிக்கு என்ன வேண்டும் என்பது வியாபாரிக்குத்தான் தெரியும். இன்று நாடெங்கும் ஆடிட்டர்கள் உபயோகிக்கும் டேலி மென்பொருளின் கதையே அதற்குச் சாட்சி. ஆலைகளுக்கு உதிரி பாகங்களும் மூலப்பொருளும் சப்ளை செய்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தம் கணக்குக்கு ஏற்ற மென்பொருள் சந்தையில் கிடைக்காமல், தம் மகன் பரத் கோயங்காவிடம் எழுதச் சொன்னார். 1986-இல் பெங்களூரில் அப்படித் தொடங்கியதுதான் அந்நிறுவனம். 2020-இல் மகனுக்குப் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. எல்லோரும் டேலிதான் வாங்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. கவுண்டரில் கூட்டம் நிற்கும் சில்லறைக் கடைக்குப் பார்கோடு படித்து வேகமாகப் பில் போடும் மென்பொருளே பொருந்தும். மாதம் முந்நூறு பில் பெரிய தொகைக்குப் போடும் மொத்த வியாபாரிக்குப் பேரேடும் பாக்கி வயதும் காட்டும் மென்பொருள் வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது பில் கூடப் போடாத கடைக்கு கம்ப்யூட்டரே வேண்டாம், கைபேசியும் நோட்டும் போதும் என்று சொல்வதில் நமக்குத் தயக்கமில்லை.

தமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடையில் பையன்கள் தமிழில்தான் சரக்கைத் தேடுவார்கள். பழைய மென்பொருள்கள் ஆளுக்கொரு எழுத்துருவில் தமிழைப் போட்டன. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் துவரம் பருப்பு புரியாத குறிகளாக மாறி நிற்கும். யூனிகோடு முறையை 2010-இலேயே தமிழக அரசு ஏற்றுக் கொண்டாகிவிட்டது. யூனிகோடு இல்லாத எதையும் தொடாதீர்கள். பில்லிலும் தமிழ் வேண்டுமென்றால், மலிவான பிரிண்டர்கள் தமிழைப் படமாகத்தான் அச்சடிக்கும். அதனால் வேகம் குறையும். இருபது சரக்கு உள்ள ஒரு பில்லை அடித்துக் காட்டச் சொல்லி நேரம் பாருங்கள்.

நிற்க. இனி பெட்டிக்கு வருவோம்.

பில் போடவும் கணக்கு எழுதவும் 8 ஜி.பி. ரேமும் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் தாராளம். சுழலும் பழைய வகை ஹார்டு டிஸ்க் கடைக்கு வேண்டாம். அது மெதுவானது என்பதோடு, மூட்டை இறக்கும் அதிர்ச்சியில் சீக்கிரம் கெடும். விற்பவர் இரண்டு மடங்கு ரேம் போடச் சொன்னால், எந்த வேலைக்கு என்று கேளுங்கள். மிச்சமாகும் பணத்தை நல்ல யு.பி.எஸ். பக்கம் போடுங்கள். பில் பாதியில் நிற்கும்போது மின்சாரம் போனால் கணக்குக் கோப்பே கெட்டுப் போகலாம். மடிக்கணினி வாங்கினால் அதன் பேட்டரியே யு.பி.எஸ். ஆகிவிடும், ஆனால் பிரிண்டருக்கு அது உதவாது. இன்னொன்று, மிளகாய்த் தூளும் மாவும் பறக்கும் இடத்தில் விசிறி வைத்த பெட்டி தூசியை உறிஞ்சிக் கொண்டே இருக்கும். மாதம் ஒருமுறை ஊதித் துடைக்காத கடைக்காரர் பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை.

ரிச்சி தெருவிலிருந்து பழைய அலுவலக கம்ப்யூட்டர் வாங்கி வருகிறவர்கள் நம்மில் அதிகம். தவறில்லை, நாமும் வாங்கியிருக்கிறோம். ஆனால் இப்போது ஒரு எச்சரிக்கை தேவை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் வழக்கமாகக் கொடுத்து வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. பதிவு செய்து கொண்ட வீட்டு உபயோகக் கம்ப்யூட்டர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு தரப்பட்டது. விண்டோஸ் 11-ஓ, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பின்னும் வந்த செயலிகளைத்தான் ஏற்கிறது. அலுவலகங்கள் கழித்துக் கட்டிய ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகள் சந்தையில் மலிவாக வருவதன் காரணம் இதுதான். "என்ன தலைமுறை?" என்று கேட்டு, திரையில் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

திருத்தம் நின்றால் என்ன குடிமுழுகிவிடும் என்று சிலர் கேட்கிறார்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ், திருத்தம் செய்யாத விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் உலகமெங்கும் புகுந்து, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. நமக்குப் பக்கத்தில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் சில கம்ப்யூட்டர்களும் அதில் சிக்கின. ஏழுமலையான் அலுவலகத்துக்கே அந்தக் கதி!

பழைய பெட்டியில் இலவசமான லினக்ஸ் போட்டுக் கொள்ளலாமே என்றால், வீட்டு உபயோகத்துக்குத் தாராளமாகப் போடலாம். 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பிள்ளைகள் கடிதம் தட்டச்சு செய்யவும் விண்ணப்பம் போடவும் லிப்ரே ஆபீஸ் போதும், அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. கடைக்கு என்றால், உங்கள் பில்லிங் மென்பொருளும் பிரிண்டரும் அதில் ஓடுமா என்று பார்த்த பிறகே மாற வேண்டும். எப்படியானாலும் கடைக் கம்ப்யூட்டரும் வீட்டுக் கம்ப்யூட்டரும் ஒன்றாக இருக்க வேண்டாம். பையன் விளையாட்டு ஏற்ற, வைரஸ் கணக்கில் ஏறும்.

பிரிண்டரில் சில்லறைக்கு தெர்மல்தான். மை வாங்கும் செலவில்லை, சத்தமில்லை. ஆனால் அந்தக் காகிதத்தில் எழுத்து சில மாதங்களில் மங்கும். கடை வாசல் வெயிலில் இன்னும் சீக்கிரம் மங்கும். கொள்முதல் பில் தெர்மல் காகிதத்தில் வந்தால் அன்றே கைபேசியில் படமெடுத்து வையுங்கள். மொத்த வியாபாரிகள் கார்பன் பிரதி எடுக்கும் டாட் மேட்ரிக்ஸை இன்னும் விடாமல் வைத்திருப்பது பழமைப் பிடிவாதமல்ல.

2024 டிசம்பர் 1-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையின் சரிவில் மண் இறங்கி வ.உ.சி. நகரில் ஏழு உயிர்கள் போனதை இந்த ஊர் மறக்காது. அந்த மழையில் நகரின் பல தெருக்களில் தண்ணீர் நின்றது. மேசைக்கு அடியில் தரையில் பெட்டியை வைக்கும் வழக்கத்தை நாம் அன்றோடு விட்டோம். தினமும் கடை சாத்தும்போது கணக்கின் ஒரு பிரதி பென் டிரைவில் வீட்டுக்குப் போகிறது. வாரம் ஒருமுறை இணையத்திலும் ஒரு பிரதி ஏற்றுகிறோம். மாதம் ஒருமுறை அந்தப் பிரதியை வீட்டுக் கம்ப்யூட்டரில் திறந்தும் பார்க்கிறோம்.

வாங்க முடிவு செய்தவர்களுக்கு ஒரு யோசனை. விற்பனையாளரின் குளிரூட்டிய அறையில் பார்த்து எந்த மென்பொருளையும் வாங்காதீர்கள். அதே மென்பொருளை வைத்திருக்கும் கடை எது என்று கேட்டு, பௌர்ணமியன்று மாலை ஆறு மணிக்கு அந்தக் கடைக்குப் போய் ஓரமாக நில்லுங்கள். கிரிவலக் கூட்டம் கவுண்டரை நெருக்கும்போது பில் எத்தனை நொடியில் வருகிறது, பாட்டில் தண்ணீரோடு வெல்லமும் சில்லறையாக எடை போட்டு வாங்கினால் பையன் தடுமாறுகிறானா, கடைக்காரர் கம்ப்யூட்டரைப் பார்க்கிறாரா அல்லது துண்டுக் காகிதத்தில் கூட்டிக் கொண்டிருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வந்து பணத்தை எண்ணுங்கள்.