மலையில்லா ஊரின் காட்சிமுனைகள்

‘ஒரு நாள் நடைப்பயணம், ஏழு காட்சிமுனைகள், இரவு பத்து மணிக்குப் புதுச்சேரியிலிருந்து வேன் புறப்படும்’ என்று தொடங்கும் சுற்றறிக்கை ஒன்று அண்மையில் எங்கள் கைக்கு வந்தது. இலக்கிய அன்பர்களும் தவறாது கலந்துகொள்ள வேண்டும் என்று அடியில் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு முனைக்கும் இருபத்தைந்து நிமிடம் ஒதுக்கப்பட்டிருந்தது. எந்த முனையில் எந்த நேரத்தில் ஒளிப்படம் நன்றாக விழும் என்ற குறிப்பும் இருந்தது. வேன் நிற்கும் இடங்களிலிருந்து முனை வரையிலான தொலைவுகளைக் கூட்டிப் பார்த்தோம். மொத்தம் நான்கு கிலோமீட்டர்கூட வரவில்லை. இரண்டு இரவு உறக்கம் கெட்டு, முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கையில் குலுங்கி, நான்கு கிலோமீட்டர் நடப்பதற்கு நம்மவர்கள் சூட்டியிருக்கும் பெயர் நடைப்பயணம்.

இதை எதிர்த்து எழுதுவதால் நாங்கள் மலைக்குப் பகைவர்கள் அல்லர். மலை ஏறுவோர் ஏறட்டும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 உயிர்கள் போன பிறகு தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களை அறிவித்து, வழிகாட்டியோடு முன்பதிவு செய்து போகும் முறையையும் கொண்டுவந்தது. நல்லதே. அவ்வழிகளில் மெய்யாகவே நடக்கிறவர்களோடு எங்களுக்கு வழக்கில்லை. ‘காட்சி’ என்பது உயரத்தில்தான் உண்டு, அதுவும் கம்பித் தடுப்புப் போட்டுப் பெயர்ப்பலகை நட்ட இடத்தில்தான் உண்டு என்ற எண்ணத்தோடுதான் எங்கள் வழக்கு. கொடைக்கானலில் ஒரு பள்ளத்தாக்கின் விளிம்புக்குத் ‘தற்கொலை முனை’ என்று பெயர் வைத்து, அதைப் பார்க்கவே கூட்டம் கூட்டி, பிறகு வெட்கப்பட்டுப் ‘பசுமைப் பள்ளத்தாக்கு’ என்று மாற்றினார்கள். பெயர் மாறினாலும் கூட்டம் குறையவில்லை. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகளுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிடும் அளவுக்கு அந்த மலைகள் மூச்சு முட்டிக் கிடக்கின்றன. அங்கே இன்னும் ஒரு வேனை ஏற்றிவிடத்தான் வில்லியனூரிலும் பாகூரிலும் சுற்றறிக்கை வருகிறது.

இலக்கிய அன்பர்களை அழைத்தார்களே, அவர்களிடம் ஒன்று கேட்கிறோம். ஐந்திணை பேசாத இலக்கிய மேடை புதுச்சேரியில் உண்டா? நிலத்தை ஐந்தாகப் பகுத்த பெருமையை மேடைதோறும் முழங்கிவிட்டு, கால் நடக்கும்போது மட்டும் குறிஞ்சி ஒன்றையே நிலம் என்று கொள்வது என்ன நேர்மை? திணை என்பது நின்று பார்த்துவிட்டுத் திரும்பும் முனை அன்று. முதற்பொருளும் கருப்பொருளும் உரிப்பொருளும் கூடிய வாழ்வு அது. நிலத்தோடு பொழுதும், பொழுதோடு பறவையும், பறவையோடு தொழிலும், தொழிலோடு மனிதரின் ஊடலும் இரங்கலும் பின்னிக் கிடக்க வேண்டும். இருபத்தைந்து நிமிடத்தில் இவற்றில் எது கைக்கு அகப்படும்? தொல்காப்பியர் மருதத்துக்கு வகுத்த சிறுபொழுது வைகறையும் விடியலும். குறிஞ்சிக்கு யாமம். பாகூர் ஏரிக்கரையில் எப்போது நடக்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சுற்றுலாக் கையேடும் சொல்லவில்லை. குறிஞ்சியின் யாமத்தில் நம் அன்பர்கள் வேனில் தூங்கிக்கொண்டிருப்பார்கள் என்பது வேறு செய்தி.

நிற்க. ‘உங்கள் ஊரில் தேசியப் பூங்கா இருக்கிறதா?’ என்று கேட்பார்கள். இல்லை. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் தேசியப் பூங்கா ஒன்றுகூட இல்லை. மலையும் இல்லை. கோரிமேட்டுச் செம்மண் மேட்டைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘செம்மலைகள்’ என்று அழைத்தார்கள். அதன் உயரம் ஏறக்குறைய 30 மீட்டர். முப்பது மீட்டரை மலை என்று சொல்லத் துணிந்த அந்தக் கண்ணை நாங்கள் எள்ளவில்லை. தட்டையான நிலத்தில் முப்பது மீட்டர் மெய்யாகவே பெரிதுதான். அதன் மேல் நடந்தவனுக்கே அது தெரியும். அந்தச் செம்மண்ணுக்கு அடியில் இருப்பது கடலூர் மணற்கல். அதே மணற்கல் வடமேற்கே சங்கராபரணிக் கரையில் திருவக்கரையில் வெளியே தலைகாட்டுகிறது. அங்கே ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள் கல்லாய்க் கிடக்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை காத்துவரும் தேசியக் கல்மரப் பூங்கா அது. பிரெஞ்சு இயற்கையியலாளர் சோனரா 18-ஆம் நூற்றாண்டிலேயே அவற்றைப் பற்றி எழுதினார். வேரும் கிளையும் இல்லாத அடிமரங்களாகவே அவை கிடப்பதால், வேறெங்கோ வளர்ந்து வெள்ளத்தில் உருண்டு வந்து மணலில் புதைந்தவை என்கிறார்கள். ஆகவே ‘தேசிய’ என்ற அடைமொழி இல்லாமல் கால் நகராது என்போர்க்கு அதுவும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். வில்லியனூரிலிருந்து வேனில் போனால்கூட ஒரு மணி நேரம் பிடிக்காது. ஆயினும் எங்கள் ஊர் நடைக்குழுக்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். சுற்றிலும் கல்குவாரிகளின் வெடிச்சத்தம் கேட்கும் பூமி என்பதால் அது ‘காட்சி’ப் பட்டியலில் சேரவில்லை போலும். எங்களைக் கேட்டால் அந்தச் சத்தத்தையும் சேர்த்துக் கேட்டு வருவதுதான் நடை.

இனி ஊசுட்டேரிக்கு வருவோம். ஏறக்குறைய 800 ஹெக்டேர் நீர்ப்பரப்பு. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு புதுச்சேரி, மீதி தமிழ்நாடு. மாநில எல்லை தண்ணீருக்குள் ஓடுகிறது. நாமக்கோழிகள் நாளுக்கு நூறு முறை அதைக் கடக்கின்றன. சங்கராபரணியிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் வழியே நீர் வருகிறது. கார்த்திகையில் தொடங்கி மாசி வரை ஊசிவால் வாத்துகள் வடக்கேயிருந்து வந்து தங்குகின்றன. கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் காணலாம். 2008-இல் புதுச்சேரி அரசு தன் பங்கைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பின்னர்த் தமிழகமும் தன் பங்கை அறிவித்தது. அறிவிப்புக்கு முன்னும் பின்னும் அரசின் ஒரு கை பறவையைக் காக்க நீண்டபோது மறு கை படகு விட நீண்டது. ஒரே நீர்நிலையைச் சரணாலயம் என்றும் உல்லாசத் தலம் என்றும் ஒரே மூச்சில் சொல்லும் துணிவு நம் அலுவலகங்களுக்கு உண்டு. அதைத் தட்டிக் கேட்டவர்கள் பறவை நோக்கும் சிலரும் கரையோர ஊர்க்காரர்களும். வார இறுதியில் காட்சிமுனை தேடி இருநூறு மைல் போகிறவர்கள் அந்த வழக்கில் எங்கே இருந்தார்கள்? நடந்து பழகாத கரைக்காக ஒருவன் வாய் திறக்க மாட்டான். எங்கள் சினத்தின் வேர் இதுதான்.

பாகூரை எடுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். ஏரி பெரிது, புதுவைப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்தது. அதற்குத் தென்பெண்ணையாற்று நீரைச் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து கொண்டுவருவது பங்காரு வாய்க்கால். பங்காரி, சிங்காரி என்ற இரு ஆடல் மகளிர் தங்கள் செல்வத்தைக் கொடுத்து வெட்டுவித்தது என்பது ஊர் வழக்கு. வரலாறு அதை ஒப்புக்கொள்ளுமோ இல்லையோ, ஒரு வாய்க்காலுக்கு இரண்டு பெண்களின் பெயரை நினைவில் வைத்திருக்கும் ஊரை நாங்கள் மதிக்கிறோம். ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கனின் எட்டாம் ஆட்சியாண்டில், இவ்வூர் வித்தியாஸ்தானத்துக்கு, அதாவது ஒரு கல்லூரிக்கு, மூன்று ஊர்கள் கொடையாக விடப்பட்டன. பாகூர்ச் செப்பேடு அதைச் சொல்கிறது. நெல் விளைந்ததால் கல்வி நடந்தது. ஏரி நிறைந்ததால் நெல் விளைந்தது. கரையில் நின்றால் ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் வயல், நடுவே மூலநாதர் கோயில் விமானம். இதற்கு மேல் என்ன காட்சி வேண்டும் என்று எங்களுக்குப் புரியவில்லை.

புதுவைப் பகுதியில் 84 ஏரிகள் என்பது கணக்கு. அவற்றைச் சீரமைக்க ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு 1999 வாக்கில் ஒரு திட்டம் தொடங்கியது. ஏரிதோறும் ஊர்ச் சங்கங்கள் அமைந்தன. தூரெடுத்தார்கள், மதகு கட்டினார்கள். நிதி நின்றதும் சங்கங்களின் வேகம் தளர்ந்தது. இன்று வில்லியனூரிலிருந்து எந்தத் திசையில் நடந்தாலும் வயலுக்குள் மஞ்சள் வண்ணம் அடித்த மனைக்கற்கள் கண்ணில் படுகின்றன. பாசன வாய்க்கால் முதலில் குப்பை வாய்க்கால் ஆகும், பிறகு சாக்கடை ஆகும், பிறகு மேலே சிமெண்டுப் பலகை மூடும், பிறகு வரைபடத்தில் மட்டும் இருக்கும். இது ஒரே நாளில் நடப்பதில்லை. வாரம் ஒருமுறை நடக்கிறவன் கண்ணுக்கு மட்டுமே இந்த வரிசை தெரியும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணை பெருகி, பாகூர்க் கொம்யூனின் ஆற்றோர ஊர்களுக்குள் நீர் புகுந்தது. எந்த வாய்க்கால் எங்கே அடைபட்டிருந்தது என்று அன்று சொல்ல முடிந்தவர்கள் கிழவர்களும் மாடு மேய்ப்பவர்களும்தாம். படித்தவர்களுக்குத் தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர் என்று தெரிந்திருந்தது.

இதைச் சொன்னால் அதிகாரிகள் உடனே ஒரு தீர்வோடு வருவார்கள். ‘ஏரிக்கரையிலும் ஒரு வியூ பாயிண்ட் அமைத்துவிடுவோம்’ என்பது அது. கான்கிரீட் கோபுரம், எவர்சில்வர் கைப்பிடி, ஊர்ப்பெயரை ஆளுயர எழுத்தில் நட்டு நடுவே ஒரு சிவப்பு இதயம், சுற்றிலும் வண்ண விளக்கு. இதற்குப் பெயர் அழகுபடுத்தல். இரவெல்லாம் விளக்கெரிந்தால் பறவை எங்கே அடையும் என்று கேட்டால் கோப்பில் அதற்குப் பத்தி இல்லை என்பார்கள். வேண்டாம் ஐயா. கரை கரையாக இருக்கட்டும். கருவேலம் புதர் மூடாமல், கரையின் தலைப்பு உடையாமல், இரண்டு பேர் அருகருகே நடக்கும்படி இருந்தால் போதும். மதகுக்கு மதகு அதன் பெயரையும் எந்த வயலுக்கு நீர் பாய்கிறது என்பதையும் ஒரு கல்லில் பொறித்து வையுங்கள். இதற்கு ஆகும் செலவு ஒரு சிவப்பு இதயத்தின் செலவைத் தாண்டாது.

வெயிலையும் நாயையும் கழிப்பறை இன்மையையும் சொல்லி மறுப்போர் உண்டு. வெயில் மெய், ஆகவே தை, மாசியில் நடங்கள், பத்து மணிக்குள் கரையை விட்டு இறங்குங்கள். நாயும் மெய். கழிப்பறைக் குறை பெண்களுக்குப் பெருங்குறை. அதை நாங்கள் சிறிதாக்க மாட்டோம். கொம்யூன் பஞ்சாயத்துகளிடம் கேட்க வேண்டியது கோபுரத்தை அன்று, இதைத்தான்.

திட்டம் கேட்பவர்களுக்கு எங்கள் திட்டம் இரண்டு. முதல் நாள் ஊசுட்டேரியில் இருள் பிரியுமுன் இருக்க வேண்டும். வனத்துறை அனுமதிக்கும் கரையோடு நில்லுங்கள், நீருக்குள் இறங்க வேண்டாம். வெயில் ஏறியதும் வில்லியனூர் நோக்கி நடந்தால் ஒன்றரை மணி நேரத்தில் திருக்காமீசுவரர் கோயில் கோபுரம் தெரியும். பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்த தேர் அந்தக் கோயிலுடையது. இன்றும் துணைநிலை ஆளுநர் வடம் தொட்டுத் தொடங்கி வைக்கும் வழக்கம் தொடர்கிறது. நண்பகலை ஊருக்குள் கழித்துவிட்டு, பொழுது சாயும்போது சங்கராபரணிக் கரையில் திருக்காஞ்சி. கால் வலுவுள்ளவர்கள் வேறொரு காலையில் கீழூருக்குப் போகலாம். 1954 அக்டோபர் 18 அன்று 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்து, 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு இசைந்த இடம் அது. நினைவிடம் இருக்கிறது, பெரும்பாலும் ஆள் இருக்காது.

இரண்டாம் நாள் பாகூர். முதல் பேருந்தில் இறங்கி, மூலநாதரை வலம் வந்து, கரையேறி, ஏரியைச் சுற்றாமல் வாய்க்காலைப் பிடித்து நீர் வரும் திசையில், அதாவது சொர்ணாவூர் நோக்கி நடக்க வேண்டும். எங்கே மாநிலம் மாறுகிறது என்பதைப் பேருந்தின் நிறத்தையும் கடைப் பலகைகளையும் வைத்துக் கண்டுகொள்ளலாம். வழியில் கரும்புக்கு நீர் கட்டுகிறவர்களைக் கேட்டால் வாய்க்காலின் எந்தப் பகுதி இவ்வாண்டு தூர்ந்தது என்று சொல்வார்கள். அதை ஒரு தாளில் குறித்து, நாள் இட்டு, பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவுக்கு ஒரு படியும் கொம்யூனுக்கு ஒரு படியும் அனுப்புங்கள். தண்ணீர்ப் புட்டியைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஒலிபெருக்கி கொண்டுவருபவர்களை நாங்கள் சேர்த்துக்கொள்வதில்லை. வைகறை ஐந்தரைக்குப் பாகூர்ப் பேருந்து நிறுத்தத்துத் தேநீர்க் கடை திறந்திருக்கும்.